ஒரே சைஸ் க்ளவுஸும் ஓட்டை விழும் இன்ஃபீல்டும்

கல்லூரி பேஸ்பால் அணிக்குச் சாமான் வாங்கும் வழக்கம் நம் பக்கத்தில் எப்படி என்று தெரிந்ததுதான். ஒரு டஜன் க்ளவுஸ், எல்லாம் 12 அல்லது 12.5 இன்ச், எல்லாம் இடது கையில் மாட்டுவது. மீரட்டிலிருந்தோ ஜலந்தரிலிருந்தோ ஒரே அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும். பிரித்ததும் பையன்கள் ஆளுக்கொன்று அள்ளிக்கொள்வார்கள். தூரத்தில், அவுட்ஃபீல்டில் நிற்கிற மூவருக்கு இந்தக் க்ளவுஸ் ஒரு குறையும் வைக்காது. பந்து வீசும் பிட்சரும் சமாளித்துவிடுவார். அடிபடுவது பேஸ்களை ஒட்டி, இன்ஃபீல்டில் நிற்கும் நால்வர்தான். சீசன் தொடங்கி இரண்டு மேட்ச் போனபின் "ஷார்ட் ஸ்டாப் கை சரியில்லை" என்று செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே நிற்கிற அந்த ஆளை மாற்றுவார்கள். கையில் குறை இருக்காது, கையில் மாட்டியதில்தான் இருக்கும்.

அதனால் இங்கே க்ளவுஸை விலைவாரியாகப் பார்க்காமல் ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ், ஷார்ட் ஸ்டாப், தேர்ட் பேஸ் என்று இடவாரியாகப் பார்க்கிறோம். மதுரையில் கையில் கிடைக்கக்கூடிய தரங்கள் எவை, யாருக்கு எது பொருந்தும், சீசனுக்கு மூன்று நான்கு வாரமே இருந்தால் புதுக் க்ளவுஸை எப்படிப் பழக்குவது என்பதுதான் விஷயம்.

முதலில் அளவு. க்ளவுஸில் அச்சடித்திருக்கும் இன்ச் என்பது ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து விரலை ஒட்டி இறங்கி, பந்து உட்காரும் பாக்கெட் குழியின் வளைவோடு போய், அடிப்பகுதியின் விளிம்பு வரை உள்ள நீளம். மர ஸ்கேல் வைத்து அளந்தால் ஒரு இன்ச் வரை பிசகும். தையல்காரரின் துணி டேப்பைக் குழிக்குள் அழுத்திப் பிடித்து அளக்க வேண்டும். மலிவு ரகங்களில் 12 என்று போட்டிருப்பது 11.25 ஆக இருப்பதும் உண்டு, 12.5 ஆக இருப்பதும் உண்டு. அச்சை நம்பி ஆர்டர் போடாதீர்கள். விதிப்படி ஃபீல்டர் க்ளவுஸ் 13 இன்ச் நீளத்தைத் தாண்டக்கூடாது. கடையில் கிடைக்கும் பேஸ்பால் க்ளவுஸ் பெரும்பாலும் அதைத் தாண்டுவதில்லை, அதனால் அங்கே சிக்கல் இல்லை. இன்ஃபீல்டருக்கு 12.5 இன்ச்சே மிகப் பெரிதாகிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

பெரிதானால் என்ன ஆகும்? பேஸ்பால் 142 முதல் 149 கிராம், சுற்றளவு சுமார் 23 சென்டிமீட்டர். கிரிக்கெட் பந்துக்கு ஏறக்குறைய அதே பருமன், எடை கொஞ்சம் குறைவு. 12.5 இன்ச் க்ளவுஸின் ஆழமான குழிக்குள் அது போய் உட்கார்ந்துவிட்டால், எறியும் கை உள்ளே நுழைந்து தையல் விளிம்பைத் தேடிப் பிடித்து வெளியே எடுக்க நேரம் பிடிக்கும். ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி, அதாவது 27.43 மீட்டர். பந்து வந்து சேருமுன் ஃபர்ஸ்ட் பேஸைத் தொட ஓடுகிற ஓட்டக்காரர், அதை நெருங்கும்போது விநாடிக்கு ஏழரை மீட்டர் வேகத்தில் இருந்தால், பந்தை உருவி எடுப்பதில் போகும் 0.2 விநாடி அவருக்கு ஒன்றரை மீட்டரைத் தானமாகக் கொடுக்கிறது. இன்ஃபீல்டில் பெரும்பாலான அவுட்டுகள் அதைவிடக் குறைந்த இடைவெளியில்தான் விழுகின்றன.

தரத்தில் மூன்று ரகம். அடிமட்டம் முழுக்க ரெக்ஸின், அதாவது பியூ என்னும் செயற்கைத் தோல். நடுவில், உள்ளங்கை மட்டும் தோல், முதுகுப்பக்கம் ரெக்ஸின். மேலே முழு மாட்டுத் தோல். இறக்குமதியில் வில்சன் ஏ2000, ராலிங்ஸ் ஹார்ட் ஆஃப் தி ஹைட் போன்றவை இந்த மேல்ரகத்தின் உச்சி. ஏ2000 வரிசை 1957 முதல் வருகிறது. அதில் 1786 என்ற எண் போட்ட மாடல் 11.5 இன்ச், இன்ஃபீல்டுக்கென்றே செய்தது. ஒரு நல்ல ஷார்ட் ஸ்டாப் க்ளவுஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கல்லூரி ஃபண்டில் அதை வாங்கு என்று சொல்வது நியாயமில்லை, தேவையும் இல்லை. உள்நாட்டு முழுத்தோல் க்ளவுஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து ஒழுங்காகப் பழக்கினால் கல்லூரி ஆட்டத்துக்குத் தாராளம்.

மதுரைக் கடைகளில் கிரிக்கெட் சாமான் குவிந்து கிடக்கும். பேஸ்பால் க்ளவுஸ் பெரும்பாலும் சொல்லி வைத்தால்தான் வரும், வருவதும் நடு ரகம். ஆகவே பெட்டி வந்ததும் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடலாம். வார் நுழைந்திருக்கும் துளை ஓரத்தில் வெட்டு விளிம்பைப் பாருங்கள். தோலென்றால் நார் நாராகத் தெரியும், ரெக்ஸின் என்றால் மேலே ஒரு மெல்லிய படலமும் கீழே துணியும் தெரியும். க்ளவுஸை விரித்து அதன் அடியைத் தரையில் ஊன்றி வையுங்கள். இன்ஃபீல்டு க்ளவுஸ் வாயைத் திறந்தபடி நிற்க வேண்டும், தொய்ந்து மூடிக்கொண்டால் அடிப்பகுதியில் திணிப்பு போதவில்லை என்று அர்த்தம். பிறகு கையில் மாட்டி மூடிப் பாருங்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று நோக்கி வர வேண்டும். நடுவிரலோடு சேர்ந்து புத்தகம் போல இரண்டாக மடிந்தால் அந்தக் க்ளவுஸில் பாக்கெட் ஒருநாளும் உருவாகாது. அதை எவ்வளவு பழக்கியும் பிரயோசனமில்லை, அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி இடங்கள். ஃபர்ஸ்ட் பேஸில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் நம் அணிகள் காசை மிச்சப்படுத்துவதும் இங்கேதான், பாயிண்ட்டைத் தொலைப்பதும் இங்கேதான்.

ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்குத் தனி மிட் உண்டு. விரல் விரலாகப் பிரியாது. முறம் போல விளிம்பு வளைந்த ஒரே பரப்பு, 12 முதல் 13 இன்ச், குழி ஆழம். பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சரையும் ஃபர்ஸ்ட் பேஸ்மேனையும் தவிர வேறு யாரும் மிட் போட விதி இடம் தராது. நீளம் 13 இன்ச்சுக்கு மேல், அகலம் 8 இன்ச்சுக்கு மேல் போகக்கூடாது. இவருடைய வேலை எடுத்தெறிவதைவிட வாங்கிக்கொள்வதுதான். தேர்ட் பேஸிலிருந்து வரும் எறி ஏறக்குறைய 39 மீட்டர் பயணிக்கிறது. கல்லூரிப் பையன்களின் தோளில் அது பாதி நேரம் கடைசி ஓரடியில் தரையில் குத்தித்தான் வரும். அந்தக் குத்துப்பந்தை அரிசி புடைக்கிற மாதிரி கீழிருந்து அள்ளுவதற்கே மிட்டின் விளிம்பு அப்படி வளைந்திருக்கிறது. சாதாரணக் க்ளவுஸில் அதே பந்து விரல்களுக்கு நடுவே மோதித் தெறிக்கும். கணக்கில் அது எறிந்தவரின் பிழையாக ஏறும், தேர்ட் பேஸ்மேன் திட்டு வாங்குவார். அணியில் ஒரே ஒரு நல்ல பொருள் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் அது ஃபர்ஸ்ட் பேஸ் மிட்டாகத்தான் இருக்க வேண்டும். மற்ற மூன்று இன்ஃபீல்டரின் எறியையும் அது ஒன்றே காப்பாற்றும்.

இன்னொன்று, ஃபர்ஸ்ட் பேஸில் இடது கை எறியாளர் நிற்பது நல்லது. செகண்ட் பேஸை நோக்கி எறிய அவர் உடம்பைத் திருப்ப வேண்டியதில்லை, வலப்பக்க இடைவெளியிலும் மிட் போட்ட கை எட்டும். அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கான மிட் வலது கையில் மாட்டுவது. ஆர்டர் போடும்போது இந்த இடத்தில்தான் குழப்பம். 'ரைட் ஹேண்ட் த்ரோ' என்றால் வலது கையால் எறிபவருக்கானது, இடது கையில் மாட்டுவது. கிரிக்கெட் பேட்டிங் க்ளவுஸில் "ரைட் ஹேண்ட்" என்று கேட்டுப் பழகிய கடைக்காரர் சில சமயம் தலைகீழாக எழுதிவிடுவார். "எறியும் கை எது, மாட்டும் கை எது" என்று இரண்டையும் எழுதிக் கொடுங்கள். மற்ற மூன்று இடங்களிலும் இடது கைக்காரரை நிறுத்துவதில்லை, அதனால் அங்கே இந்தக் கேள்வி எழாது.

ஷார்ட் ஸ்டாப்புக்கு 11.5 இன்ச், ஐ-வெப். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பின்னலைத்தான் வெப் என்கிறோம். ஆங்கில I எழுத்து வடிவில் பின்னிய ஐ-வெப்பில் இடைவெளி இருப்பதால் மண்ணும் தூசியும் வடிந்துபோகும், எடையும் குறைவு. இந்த அளவில் முழுத்தோல் க்ளவுஸ் சுமார் 550 முதல் 620 கிராம் இருக்கும். 700-ஐத் தாண்டினால் எண்ணெய் குடித்துவிட்டது, அல்லது திணிப்பு பஞ்சு மட்டம் என்று சந்தேகப்படலாம். குழி நடுத்தரம். இவர் இரண்டு பக்கமும் ஓடிப் பிடிக்க வேண்டியிருப்பதால் செகண்ட் பேஸ்மேனைவிடக் கொஞ்சம் ஆழம் வேண்டும்.

செகண்ட் பேஸ்மேனுக்கு 11.25 முதல் 11.5 வரை, எவ்வளவு தட்டையோ அவ்வளவு நல்லது. ஒரே பந்தில் இருவரை அவுட்டாக்கும் டபுள் ப்ளேயில், அதாவது ஷார்ட் ஸ்டாப், செகண்ட் பேஸ், ஃபர்ஸ்ட் பேஸ் என்று பந்து கைமாறுவதை ஸ்கோர் எழுதுபவர் 6-4-3 என்று குறிக்கிற அந்த ஆட்டத்தில், ஷார்ட் ஸ்டாப்பின் எறியை இவர் பிடிப்பதே இல்லை என்று சொல்லலாம். க்ளவுஸ் ஒரு பலகை, பந்து அதில் பட்டு எறியும் கைக்கு வழுக்கி வர வேண்டும், அவ்வளவுதான். பழைய, குழி விழாத சின்ன க்ளவுஸ் ஏதாவது பி.டி. அறை பீரோவில் கிடந்தால் "சின்னப் பசங்களுடையது" என்று ஒதுக்கிவிடாமல் எடுத்து அளந்து பாருங்கள். 11.25 இருந்தால் அதுவே செகண்ட் பேஸுக்குப் போதும், புதிது வேண்டாம்.

தேர்ட் பேஸ் 11.75 அல்லது 12. ஆங்கில H எழுத்து வடிவில் பின்னிய எச்-வெப் நல்லது, வலது இடது இரண்டு பக்கமும் உறுதியாக நிற்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து பேட்டரிடமிருந்து தேர்ட் பேஸ் வரையுள்ள 27 மீட்டரைத் தாண்ட 0.8 விநாடிதான் ஆகும். அதற்குள் காலை நகர்த்த நேரமில்லை, க்ளவுஸை நீட்டினால் எட்ட வேண்டும், பட்டால் நிற்க வேண்டும். பெட்டியில் வந்த 12 இன்ச் க்ளவுஸ் ஒழுங்காகப் பொருந்தும் ஒரே இன்ஃபீல்டு இடம் இதுதான். பந்து உடம்பை நோக்கி வரும் இடம் என்பதால் கிரிக்கெட் கிட்டில் இருக்கும் அப்டமன் கார்டைத் தேர்ட் பேஸ்மேன் போட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

சாஃப்ட்பால் அணியோடு க்ளவுஸைப் பங்கு போடும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 இன்ச், பேஸ்பாலுடையது 9 இன்ச் சொச்சம். காலையில் ஒரு அணி, மாலையில் ஒரு அணி என்று ஒரே க்ளவுஸைப் பயன்படுத்தினால் குழி பெரிய பந்துக்கு ஏற்றபடி விரிந்துவிடும். அதில் பேஸ்பால், அண்டாவில் போட்ட எலுமிச்சம்பழம் போல உருளும். அவுட்ஃபீல்டில் பங்கு போடுங்கள், இன்ஃபீல்டு க்ளவுஸில் மட்டும் பெயர் எழுதி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள். ஒரு க்ளவுஸ் ஒரே கைக்குத்தான் படியும்.

பழக்குவதில்தான் நல்ல பொருளும் பாழாகிறது. புது மாட்டுத்தோல் க்ளவுஸ் பலகை போல இருக்கும். உடனே தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்ப்பது நம்மூர்ப் பழக்கம். ஊற வைத்த எண்ணெய் தோலை இளக்கும், அதோடு நிற்காது. திணிப்புக்குள் இறங்கி எடையைக் கூட்டும், விறைப்பை நிரந்தரமாகப் போக்கும், கொஞ்ச நாளில் சிக்கு வாடையும் எடுக்கும். பைக் டேங்க் மேலும் மொட்டை மாடியிலும் வெயிலில் காய வைப்பது அதற்கு நேர் எதிர்த் தப்பு. தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை வற்றி, வளையும் இடத்தில் வெடிக்கும்.

சரியான வழி மெதுவானது. முதல் மூன்று நாள் எண்ணெயே வேண்டாம். கட்டைவிரல் அடியையும் சுண்டுவிரல் அடியையும் கையால் முன்னும் பின்னும் வளைத்து, தினம் பத்து நிமிடம் மடிப்பை வரவழையுங்கள். நான்காம் நாள், தோலுக்கான கண்டிஷனரை ஐந்து ரூபாய்க் காசு அளவு துணியில் எடுத்து உள்ளங்கை, மடிப்பு, வார் மூன்றிலும் மட்டும் மெல்லிசாகத் தேயுங்கள், முதுகில் வேண்டாம். ஓர் இரவு விட்டுவிட்டு, கிரிக்கெட் பேட்டைத் தட்டிப் பதப்படுத்தும் மரச் சுத்தியால் தட்டுங்கள். இது மதுரையில் எந்தக் கிரிக்கெட் கடையிலும் கிடைக்கும், பேஸ்பாலுக்கென்று தனிச் சுத்தி தேட வேண்டாம். தட்ட வேண்டிய இடம் ஆள்காட்டி விரலின் அடி, வெப் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே. உள்ளங்கையின் நடுவில் தட்டினால் அங்கே குழி விழும், அப்புறம் ஒவ்வொரு பந்தும் கை எலும்பில் வந்து இறங்கும். தினம் கால் மணி நேரம் தட்டு, பிறகு பத்து மீட்டர் தூரத்தில் ஐம்பது எறி. மாட்டுத்தோலுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆட்டம் முடிந்ததும் குழிக்குள் ஒரு பந்தை வைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாக ஒரு சுற்றுக் கட்டி வைக்க வேண்டும். செகண்ட் பேஸ்மேனின் க்ளவுஸுக்கு மட்டும் இது வேண்டாம், திறந்தபடியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்து மேலே பேட்டையும் கேட்சர் பேடையும் போட்டால் மூன்று வார உழைப்பு ஒரே பஸ் பயணத்தில் தட்டையாகிவிடும்.

ரெக்ஸின் க்ளவுஸை இப்படிப் பழக்க வேண்டியதில்லை, முதல் நாளே மடியும். அதுவே அதன் கெடுதலும். விறைப்பு இல்லாததால் வேகமான பந்து பட்டதும் விரல்கள் பின்னால் சாயும். தவிர, பியூ படலம் ஈரத்தில் தானாகச் சிதையும் தன்மை உடையது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன் பீரோவில் வைத்துப் பூட்டிய ரெக்ஸின் க்ளவுஸைத் தை மாதம் எடுத்துப் பார்த்தால் சிரங்கு மாதிரி உரிந்திருக்கும். அதற்கு வைத்தியமே கிடையாது. தோல் க்ளவுஸில் பூஞ்சை பூத்திருந்தால் பயமில்லை. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பிழிந்த துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் வைத்து, பின் கண்டிஷனர் போட்டால் சரியாகும்.

மைதானத்தின் மண்ணும் தேர்வைத் தீர்மானிக்கிறது. மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் சரளையும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல், வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சலித்த மண் போட்ட இன்ஃபீல்டு அபூர்வம். தரையோடு வரும் பந்து கடைசி நொடியில் எம்பும் என்று எதிர்பார்த்துத்தான் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட தரையில் க்ளவுஸின் அடி விளிம்புதான் முதலில் தேயும், அதனால் அடித்தையலுக்கு மேல் தோல் பட்டை வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஆடிக் காற்றில் பறக்கும் தூசி வியர்வையோடு சேர்ந்து உள்ளே மண்கட்டியாகும். பயிற்சி முடிந்ததும் ஈரத்துணியால் உள்ளங்கைப் பக்கத்தை ஒரு துடை துடைத்தால் உப்பு இறங்கித் தோல் விறைக்காது. கிரிக்கெட்டிலிருந்து வந்த பையன்கள் விரல் நுனியைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, பந்து வந்தபின் இறக்குவார்கள். அதில் பந்து அடியில் நுழைந்துவிடும். க்ளவுஸை முதலிலேயே மண்ணைத் தொட வைத்து, எம்பினால் மேலே தூக்குவதுதான் முறை. விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே யார் முறையாக இறக்குகிறார் என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக வார். வெப்பைத் தாங்கும் வார்தான் முதலில் அறுகிறது, அதுவும் மேட்ச் நடுவில். நைலான் கயிறு கட்டிச் சமாளிப்பது பரவலாக இருக்கிறது. நைலான் அறாது, அதற்குப் பதிலாகத் தோலில் உள்ள துளையை அறுத்துப் பெரிதாக்கிவிடும். துளை கிழிந்தபின் க்ளவுஸே போச்சு. கால் இன்ச் அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் தோல் வார் வாங்கி, செருப்புத் தைப்பவரிடம் பழைய வாரை உருவாமல் அப்படியே கொண்டு போங்கள். அது எந்தத் துளையில் ஏறி எதில் இறங்குகிறது என்று பார்த்து அவர் கோத்துவிடுவார். உருவிவிட்டுப் போனால் பின்னல் மாறிவிடும், வெப் கோணிக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் செல்போனில் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் உத்தமம்.

ஆக இன்ஃபீல்டுக்கு ஆர்டர் இப்படிப் போகலாம்: முழுத்தோல் ஃபர்ஸ்ட் பேஸ் மிட் 12.5 இன்ச் ஒன்று, மாட்டும் கை எழுதி. முழுத்தோல் 11.5 ஐ-வெப் ஒன்று, ஷார்ட் ஸ்டாப்புக்கு. செகண்ட் பேஸுக்குப் பழையது தேறவில்லை என்றால் மட்டும் தோல் உள்ளங்கை வைத்த 11.25 ஒன்று. தேர்ட் பேஸ்மேன் பெட்டியில் வந்த 12 இன்ச்சோடு இந்த வருடம் ஓட்டட்டும். மிச்சக் காசில் 72 இன்ச் நீளத் தோல் வார் நான்கு, மரச் சுத்தி ஒன்று. மழை விட்டு மைதானம் காய்வதற்குள் பெட்டி வந்து சேர வேண்டும், இல்லையென்றால் முதல் மேட்சில் பையன்கள் பலகையை மாட்டிக்கொண்டுதான் நிற்பார்கள்.